ஆஸ்பத்திரி வாசல் குழி

கல்கத்தா
22-8-1976

அன்புத் தங்கை பூங்கோதைக்கு, அண்ணன் பரமசிவம் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீயும் மகள் சுசீலாவும் சுகமாக இருக்க அம்மன் துணை.

மாப்பிள்ளை நல்லபடியாக வந்து சேர்ந்தார். கப்பலில் ஒரு நாள் முழுக்க வாந்தியாம். "அந்தமான் டாபுலயே கெடந்த தீவு ஆளு, இன்னுமா கடல் ஒத்துக்கல?" என்று கேலி செய்தேன். "எனக்குத் தரைதான் ஒத்துக்கும் மச்சான்" என்றார். அதனால் தரைக்குள்ளேயே வேலை போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மண்ணுக்கு அடியில் ரயில் விடப் போகிறார்கள் என்று திக்லிபூரில் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே ஊரையே கிழித்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் கான்ட்ராக்டருக்குக் கிடைத்திருப்பது ஒரு ஸ்டேஷன். ஒரு பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, எதிர்ப் பக்கம் யூனிவர்சிட்டி. நடுவில் இருந்த ரோட்டையே இப்போது காணோம். முழுக்கக் குழி. நோயாளிகளும் மாணவர்களும் பலகைப் பாலத்தின் மேல் நடக்கிறார்கள். வேலை முடிந்தால் சீக்காளி ரயிலை விட்டு இறங்கிப் படியேறினதும் ஆஸ்பத்திரி வாசல்தான்.

மண் சரியாமல் பலகை வைத்து முட்டுக் கொடுக்கிற கூட்டத்தில் மாப்பிள்ளையைச் சேர்த்திருக்கிறேன். காட்டில் மரம் அறுத்த கை, ஒரே வாரத்தில் பேர் வாங்கிவிட்டார். மேஸ்திரி நான்தான். உன் பாக்குக் கன்றுகள் காய்க்கிற வரைக்கும் இங்கே இருக்கட்டும். அவர் என் பொறுப்பு.

சுசீலாவுக்கு என் முத்தம். பதில் எழுது.
பரமசிவம்


திக்லிபூர்
10-10-1976

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை பூங்கோதை வணங்கி எழுதுவது. நானும் சுசீலாவும் சுகம். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் கடிதம் போர்ட் பிளேரில் கிடந்து, போட் கிடைத்து, ஏரியல் பே ஜெட்டியில் இறங்கி என் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த வருஷமும் நெல்லில் மான் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியம்மா மாசியும் நானும் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும் அண்ணா. அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. ஃபாரஸ்டில் இருந்தபோது யானைக்குப் பயப்படமாட்டார், ரேஞ்சருக்குப் பயப்படுவார். காய்ச்சலோடு மழையில் போய் மரம் இழுத்துவிட்டு வந்து படுத்தது உங்களுக்கும் தெரியும். அவர் மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், அவருக்காக நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் இருக்கிற தைரியத்தில்தான் அனுப்பினேன்.

அவருக்கு ஆற்று மீன் பிடிக்காது. அண்ணியிடம் சொல்லுங்கள்.
உங்கள் தங்கை
பூங்கோதை


கல்கத்தா
19-12-1976

பூங்கோதைக்கு சொக்கலிங்கம் எழுதியது. நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகமா? எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும், தப்பிருந்தால் பிள்ளையைத் திருத்தச் சொல்.

இந்த ஊர்க் குளிர் எலும்பைப் பிடிக்கிறது. குழிக்குள் மட்டும் கதகதப்பாக இருக்கும். என்னோடு வேலை செய்கிற குழந்தைவேலு நம் மாயாபந்தர்ப் பையன்தான். நானும் அவனும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம்.

எங்கள் தலைக்கு மேலே பலகைப் பாலம். ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கட்டிலோடு தூக்கிப் போவார்கள். போன வாரம் ஒரு பிள்ளைத்தாச்சியைக் கொண்டு போனார்கள். அவள் கத்தினது கேட்டு நாங்கள் எல்லாரும் சுத்தியலை நிறுத்திவிட்டோம். சாயங்காலம் ஒரு கிழவர் பாலத்தில் நின்று கீழே குனிந்து, "லட்கா ஹுவா", ஆம்பளைப் பிள்ளை என்று எங்களுக்கும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது.

இங்கே மண், மண்ணே இல்லை. பிசைந்த மாவு. ஆஸ்பத்திரி வாசலோரமாகப் பழைய குழாயை மாற்றிப் போட ஒரு பக்கக் குழி தோண்டுகிறோம். குழாய் போட்டு மண்ணை நிரப்பிய பிறகுதான் பலகையை உருவ வேண்டும். பலகை போதவில்லையாம், அதனால் முன்னாடியே உருவி அடுத்த இடத்துக்குக் கொண்டு போகச் சொல்கிறார்கள். மச்சானிடம் சொன்னேன். "மேல சொல்றேன்" என்றார். மறுநாளும் கேட்டேன். "சொல்லியாச்சு" என்றார். நீ அவரிடம் இதைப் பற்றி எழுதாதே. அவருக்கும் மேலேயிருந்து நெருக்கடி. இந்த எமர்ஜென்சியில் யூனியன் ஆபீசும் பூட்டிக் கிடக்கிறது, யாரும் வாய் திறப்பதில்லை.

சுசீலாவைப் படிக்கச் சொல். இந்த யூனிவர்சிட்டிக்குப் பொம்பளைப் பிள்ளைகள் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வருகிறது. அறுப்பு முடிந்ததா? நீ தனியாக வயலில் படுக்காதே.
சொக்கலிங்கம்


கல்கத்தா
4-2-1977

அன்புத் தங்கைக்கு, பரமசிவம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

பதறாமல் படி. நேற்று முன்தினம் மாப்பிள்ளையை ஒரு லாரி இடித்துவிட்டது. இடுப்பிலும் தொடையிலும் அடி. ஆஸ்பத்திரி எதிரிலேயே இருந்ததால் உடனே தூக்கிப் போய்விட்டோம். எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொல்கிறார். பேசுகிறார், கஞ்சி குடித்தார். பிழைத்துவிடுவார், பயமில்லை.

நீ புறப்பட்டு வர வேண்டாம். நீ வந்து சேர்வதற்குள் அவர் எழுந்து நடந்துவிடுவார். மற்றவை பிறகு எழுதுகிறேன்.
பரமசிவம்


திக்லிபூர்
9-3-1977

அண்ணன் அவர்களுக்கு, பூங்கோதை எழுதுவது.

அவர் இறந்துவிட்டார் என்று வயர்லெஸ்ஸில் வந்த உங்கள் தந்தியைப் போலீஸ்காரர் கொண்டு வந்தார். என் தாலியைக் கழற்றிப் பத்து நாளுக்கு மேல் ஆன பிறகு, அவர் பிழைத்துவிடுவார் என்ற உங்கள் கடிதம் வந்தது. தபால்காரனுக்கு விஷயம் தெரியும். கொடுக்கலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றான். நான்தான் வாங்கினேன். கஞ்சி குடித்தார் என்று படித்தபோது, சுசீலா, "அப்போ தந்திதான் தப்பாம்மா?" என்று கேட்டாள். தேதியைக் காட்டி அவளுக்கு விளங்க வைத்தேன். இரண்டாம் தடவை அவரை நானே சாகடித்த மாதிரி இருந்தது.

அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. அதனால் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் ரோட்டையே காணோம் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். ரோடில்லாத இடத்தில் லாரி எப்படி வந்தது? எலும்பு முறியாதவர் எப்படிச் செத்தார்? கடைசியில் என்ன சொன்னார்? கூட யார் இருந்தது? எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள்.

நாங்கள் இருக்கிறோம்.
பூங்கோதை


கல்கத்தா
17-4-1977

அன்புத் தங்கைக்கு, பரமசிவம் எழுதுவது. உன் கடிதம் பார்த்து உன் அண்ணி சாப்பிடவே இல்லை. நீ தைரியமாக இருக்க வேண்டும், பிள்ளைக்காகவாவது.

லாரி வந்தது பக்கத்துத் தெருவில். உள்ளடி பட்டிருக்கிறது, வெளியே தெரியவில்லை. கடைசி வரை நான்தான் கூட இருந்தேன். கங்கைக் கரையில் நானே கொள்ளி வைத்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. நேரம் வந்தால் யார் தடுக்க முடியும்? ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால் போனவர் வந்துவிடுவாரா?

குழந்தைவேலு வேலையை விட்டு ஊருக்குத் திரும்புகிறான். மாப்பிள்ளையின் பெட்டியை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். சின்னப் பையன், எதையாவது உளறுவான். காதில் போட்டுக்கொள்ளாதே.

கான்ட்ராக்டர் நல்ல மனுஷன். உனக்கு உதவி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மாசியை ராத்திரி துணைக்கு வைத்துக்கொள்.
பரமசிவம்


திக்லிபூர்
20-6-1977

அண்ணன் அவர்களுக்கு, பூங்கோதை எழுதுவது.

குழந்தைவேலு வந்தான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினான். நான் வாசலை மறித்து நின்றேன். "தம்பி, அவர் உன்னோடதான சோறு தின்னாரு. என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டுப் போ" என்றேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"லாரியெல்லாம் இல்லக்கா. குழிதான்."

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பு இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

"காலையிலேயே பலகைய உருவுன்னு மேஸ்திரி சொன்னாரு. சொக்கலிங்கம் அண்ணன் மாட்டேன்னுட்டாரு. அவரு மாட்டேன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. 'மச்சான், தண்ணி ஊறுது, இன்னும் குழாயே எறக்கல, இப்ப உருவுனா வாசலோட உள்ள வந்துரும்'னாரு. மேஸ்திரி, 'நீங்களே இப்படி நின்னா மத்தவன் எப்படி எறங்குவான், என் மானத்தை வாங்காதீங்க'ன்னாரு. அண்ணன் என்னை மேல ஏறச் சொல்லிட்டு அவரே எறங்கிட்டாரு. ரெண்டாவது பலகையிலேயே மண்ணுச் செவரு சரிஞ்சு வந்திருச்சு. இடுப்புக்கு மேல வரைக்கும் சேறு. தோண்டி எடுக்க மத்தியானம் ஆயிருச்சுக்கா. அதுவரைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தாரு."

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்கு முன்னால் கான்ட்ராக்டரின் ஆள் வந்து எல்லோரையும் பம்பு நீரில் சேறு கழுவச் சொன்னானாம். அவரையும் கழுவினார்களாம். ஆஸ்பத்திரியில் லாரி என்று சொன்னது நீங்களாம்.

அண்ணா, இது நிஜமா?

குழந்தைவேலு இன்னொன்றும் சொன்னான். அவர் செத்து மறு வாரத்திலிருந்தே அதே மாதிரி பலகை உருவச் சொன்னார்களாம். அதனால்தான் அவன் ஓடி வந்துவிட்டான். இப்போது அந்தக் குழிக்குள் இருப்பவர்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கும். நீங்கள் போய் உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு வேறு உதவி எதுவும் வேண்டாம்.
பூங்கோதை


கல்கத்தா
24-7-1977

தங்கைக்கு, பரமசிவம் எழுதுவது.

நீ ஒரு கூலிக்காரப் பையன் பேச்சைக் கேட்டுக்கொண்டு கூடப் பிறந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறாய். நான் வேண்டுமென்றா செய்வேன்? அவர் எனக்கு யாரோவா? அன்றிலிருந்து நான் தூங்கினேனா என்று உன் அண்ணியைக் கேள்.

நான் மேஸ்திரி. எனக்கு மேலே ஓவர்சியர், அவருக்கு மேலே இன்னொருவர். ஆஸ்பத்திரி வாசலை மழைக்கு முன் திறந்து விட வேண்டும் என்று எல்லோருக்கும் நெருக்கடி. லாரி என்று சொல்லச் சொன்னார்கள். அந்த நேரத்தில் அவரை உள்ளே சேர்த்தால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. எதைச் சொன்னால் என்ன, வைத்தியம் ஒன்றுதானே?

இப்போது நான் வாயைத் திறந்தால் ஜெயிலுக்குப் போகப்போவது நான் மட்டும்தான். என் பிள்ளைகள் தெருவில் நிற்கும். அவர் எழுந்து வரப் போவதில்லை. சுசீலா படிப்புக்குக் கான்ட்ராக்டர் பொறுப்பு எடுத்துக்கொள்வார், எழுதியே தருவார். நீ யோசித்து ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்


கல்கத்தா, கிதிர்பூர்
15-9-1977

அண்ணன் அவர்களுக்கு, பூங்கோதை எழுதுவது.

இதை உங்கள் வீட்டுக் கதவுக்கு அடியில் போடச் சொல்லிக் குழந்தைவேலுவிடம் கொடுத்திருக்கிறேன். சுசீலாவை மாசியிடம் விட்டுவிட்டு, நானும் அவனும் போன வாரக் கப்பலில் வந்தோம். அவனுடைய தங்கை வீட்டில் இருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வர மனசில்லை.

முதலில் அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். பக்கக் குழியை மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல் திறந்து, ரிக்ஷாவெல்லாம் அதன் மேல் போகிறது. ஒருவன் அங்கே பேரிக்காய் விற்கிறான். பாலத்தில் நின்று பெரிய குழிக்குள் பார்த்தேன். உள்ளே ஆட்கள் எறும்பு மாதிரி. அவர்களில் யாராவது மேலே பார்ப்பார்களா என்று நின்றேன். பின்னால் வந்தவர்கள், "சலோ, சலோ" என்று நகரச் சொன்னார்கள்.

பிறகு ஆஸ்பத்திரிக்குள் போனேன். வார்டு வார்டாக விசாரித்து, அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரைப் பிடித்துவிட்டேன். இளம் வயதுக்காரர், வங்காளி. நம் தீவில் பேசுகிற டாபு இந்தி கைகொடுத்தது. அந்தமான் ஆள் என்றதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. லாரி இல்லை, சேற்றுக்குள் புதைந்து கிடந்தார் என்று சொன்னேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். காலையிலிருந்து மத்தியானம் வரை என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

லாரி இடித்தவருக்கு எலும்பைப் பார்ப்போம், முறியவில்லை என்றால் நிம்மதியாகிவிடுவோம் என்றார். அவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்தவர் என்றால், நசுங்கின சதையின் விஷம் தாக்குகிற சிறுநீரகத்தைத்தான் முதலில் பார்த்திருப்போம், அது கெட்டுத்தான் இறந்தார், எதனால் கெட்டது என்று எங்களுக்கு விளங்கவே இல்லை என்றார். பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "கெஹ் நஹீ சக்தா, தீதி. சொல்ல முடியாது. ஆனா போராடியிருப்போம்" என்றார்.

எதைச் சொன்னால் என்ன, வைத்தியம் ஒன்றுதானே என்று எழுதியிருந்தீர்கள். ஒன்று இல்லை அண்ணா.

நேற்று லேபர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது யூனியன் திறந்திருக்கிறது, அவர்கள் கூட வந்தார்கள். மேஸ்திரி யார் என்று அதிகாரி கேட்டார். உங்கள் பேரைச் சொன்னேன். உங்களுக்கு அவர் என்ன வேண்டும் என்று கேட்டார். என் கூடப் பிறந்த அண்ணன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "யோசித்துத்தான் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். யோசித்துத்தான் கப்பல் ஏறினேன் என்றேன்.

உங்களைக் கூப்பிடுவார்கள். அதற்குள் நான் ஊருக்குப் போய்விடுவேன், பிள்ளை தனியாக இருக்கிறாள். நான் எதிரில் இல்லாதபோது நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதுதான் நீங்கள்.
பூங்கோதை


கல்கத்தா
20-11-1977

தங்கை பூங்கோதைக்குப் பரமசிவம் எழுதுவது. நீயும் சுசீலாவும் சுகமாக இருக்க வேண்டும்.

போன வாரம் என்னை விசாரித்தார்கள். கான்ட்ராக்டரின் ஆள் வெளியே பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். "லாரி நம்பர் ஞாபகம் இருக்கில்ல?" என்றான். எனக்கு ஒரு நம்பரைக்கூட உருவாக்கிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே போனேன். அதிகாரி கேட்டார். லாரி இல்லை என்றேன். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பலகை உருவச் சொன்னது நான், எனக்குச் சொன்னது யார், சேற்றைக் கழுவச் சொன்னது யார், எல்லாம்.

வேலை போய்விட்டது. என் மேலும் ஓவர்சியர் மேலும் கேஸ். அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது மண் நிரப்பாமல் பலகையைத் தொடக்கூடாது என்று ஆர்டர் போட்டிருக்கிறார்கள். பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். பலகை இருக்கிறது.

நீ ஒன்று கேட்டிருந்தாய், நான் பதில் எழுதவே இல்லை. கடைசியில் என்ன சொன்னார் என்று. அதிகாரியிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

உனக்குக் கடிதம் போட்ட அன்று சாயங்காலம் அந்த டாக்டர் அவரிடமே கேட்டார். மாப்பிள்ளை நல்ல நினைவோடு இருந்தார். "லாரி தானே?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். "ஆமா சாப், லாரி" என்றார். டாக்டர் போன பிறகு, "உங்க வேலைக்கு ஒண்ணும் வராதே மச்சான்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மூத்திரம் நின்றுவிட்டது. பேச்சும் குழறிவிட்டது.

அதுதான் அவர் தெளிவாகப் பேசின கடைசிப் பேச்சு.

கேஸ் தை, மாசி மாதத்துக்கு மேல்தான் வரும். அதற்கு முன் ஒரு தடவை வந்து உன்னையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வரலாமா என்று எழுது. வேண்டாம் என்றால் வரமாட்டேன்.
பரமசிவம்


திக்லிபூர்
28-12-1977

அண்ணன் அவர்களுக்கு, பூங்கோதை எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். அறுப்பு முடிந்தது. பாதியை மான் தின்றுவிட்டது.

உங்கள் கடிதத்தைச் சுசீலாதான் எனக்குப் படித்துக் காட்டினாள். நான் அவளிடம் எதையும் ஒளிக்கவில்லை. அப்பாவைக் குழிக்குள் இறக்கினது மாமாதான் என்று அவளுக்கு ஆனியிலேயே சொல்லிவிட்டேன். அப்போது அவள் அழவில்லை, உங்கள் பேரையே எடுக்காமல் இருந்தாள். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னதும் மாமாதான் என்று இந்தக் கடிதத்தில் படித்தபோதுதான் அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. டாக்டரிடம் அவர் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன். ஆமா சாப். அவருடைய குரலிலேயே கேட்டது.

அவருக்காக நீங்கள் சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்டேன். கடைசியில் உங்களுக்காக அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதை நான் யாரிடம் போய் அழுவது?

தை மாசக் கடைசியில் தலைத் திவசம். ஏரியல் பே கரையில் செய்யப் போகிறோம். இங்கே அவர் பக்கத்து ஆண்பிள்ளை யாரும் இல்லை, கொள்ளி வைத்தவர் நீங்கள்தான். வாருங்கள். எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, சுசீலா உங்களோடு பேசினால் பேசுங்கள். பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

வீட்டுக்கு வராதீர்கள். ஜெட்டிக்குப் பக்கத்தில் மாசியின் தம்பி கடையில் படுக்க இடம் சொல்லி வைத்திருக்கிறேன். சாப்பாடு நான் கொடுத்தனுப்புகிறேன்.
பூங்கோதை